எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் எய்ட்ஸா?

கேள்வி இதுதான்: "சார், வளைகுடா வேலைக்காக மெடிக்கல் எடுத்தேன். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ், அன்ஃபிட் என்று எழுதிவிட்டார்கள். எச்.ஐ.வி. நெகட்டிவ் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஊரில் இதை எய்ட்ஸுக்கு அண்ணன் என்கிறார்கள். வயது 27, கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. கீழாநெல்லி குடித்தால் நெகட்டிவ் ஆகிவிடும் என்கிறார் மாமா. இந்த ஹெபடைடிஸும் எச்.ஐ.வி.யும் உடம்பில் அப்படி என்னதான் செய்கின்றன?"

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள் தம்பி. உங்களுக்கு இருப்பது ஹெபடைடிஸ் பி. அது எய்ட்ஸ் இல்லை, நாளைக்கு எய்ட்ஸாக மாறவும் மாறாது. இரண்டும் வேறு வேறு குடும்பத்து வைரஸ்கள். பி கல்லீரலைப் பிடிக்கிறது, எச்.ஐ.வி. நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிடிக்கிறது. இருந்தாலும் ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதில் கொஞ்சம் காரணம் இருக்கிறது. ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளை என்று பரவும் வழிகள் ஏறக்குறைய ஒன்றுதான். வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் உள்ளே இருப்பதும் இரண்டுக்கும் பொது. இரண்டுக்கும் கொடுக்கிற மாத்திரைகளில் ஒன்று அதே மாத்திரை. இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது. தெரியாததால் ஆபத்தும் வந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. அது குடியால் வரும், சில மருந்துகளால் வரும், கொழுப்பு சேர்ந்தாலும் வரும். வைரஸால் வருவதில் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து. ஏ-யும் ஈ-யும் கழிவு கலந்த தண்ணீர், உணவு வழியாக வருபவை. கண் மஞ்சளாகும், சோற்றைக் கண்டால் குமட்டும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். 1955-56இல் யமுனையில் சாக்கடை கலந்து தில்லியில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஈ வகை என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிக்கு ஈ வந்தால் மட்டும் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டி தனியாகப் பிழைக்காது, பி இருக்கிற உடம்பில்தான் ஒட்டும். இவற்றை இதோடு விடுகிறேன். நமக்கு வேண்டியவை பி, சி, எச்.ஐ.வி. மூன்றும்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது முழு வைரஸ் இல்லை, அதன் மேலோடு. இந்த வைரஸுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஒரு முழு வைரஸைச் செய்து அனுப்புகிற நேரத்தில், உள்ளே ஒன்றுமில்லாத வெற்று ஓடுகளை ஆயிரக்கணக்கில் செய்து ரத்தத்தில் விட்டுவிடும். நம் எதிர்ப்பு சக்தி அந்த வெற்று ஓடுகளைத் துரத்திக் களைத்துப் போகும். பரிசோதனை பிடிப்பது இந்த ஓட்டைத்தான். அதனால் 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல் வைரஸ் உள்ளே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு இருக்கிறது, கல்லீரல் கெட்டிருக்கிறதா என்று சொல்லாது. அமெரிக்காவின் பரூக் பிளம்பர்க் 1960களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் முதலில் கண்டுபிடித்ததும் இதே ஓட்டைத்தான். 1976இல் அவருக்கு நோபல் கிடைத்தது. தடுப்பூசியும் அந்த ஓடுதான், ஈஸ்ட்டில் வளர்த்து எடுத்தது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் அதை இங்கேயே தயாரித்த பிறகுதான் விலை சாமானியர் கைக்கு எட்டியது.

'எனக்கு எப்படி வந்தது?' என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் மனைவி மனதில் அந்தக் கேள்வி கட்டாயம் இருக்கும், அதனால் சொல்கிறேன். பி விஷயத்தில் எந்த வயதில் தொற்றுகிறது என்பதுதான் எல்லாம். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ந்த ஆளுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூடத் தங்காது. காமாலையாக வந்தோ வராமலோ, உடம்பே விரட்டிவிடும். ஆறு மாதம் கழித்தும் உங்களுக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவாகவே இருந்தால், அது நாள்பட்டது என்று பொருள். அப்படியானால் பிறந்தபோது அம்மாவிடமிருந்தோ, சின்ன வயதில் ஊசி, பிளேடு, காயம் வழியாகவோ வந்திருக்கவே அதிக வாய்ப்பு. உங்கள் தலைமுறை பிறந்தபோது அரசு தடுப்பூசி அட்டவணையில் பி கிடையாது. 2011 வாக்கில்தான் நாடு முழுக்க வந்தது. அதனால் இந்த ரிப்போர்ட்டை வைத்து யாரும் உங்கள் நடத்தையைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது. எச்.ஐ.வி. பாசிட்டிவ் ஆனவர்களையும் அப்படித் தீர்ப்பு எழுதிக் கொல்வது நம் ஊரின் கெட்ட பழக்கம், அது வேறு சங்கதி.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பி வைரஸ் கல்லீரல் அணுவை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த அணுக்களை நம் எதிர்ப்பு சக்திதான் தேடித் தேடி அழிக்கிறது. குழந்தை உடம்பு வைரஸை அந்நியமாகப் பார்க்காததால் இருபது, முப்பது வருடம் சண்டையே இருக்காது. வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும், எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் அணு சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) நார்மலாக இருக்கும், ஆள் கபடி ஆடிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு கட்டத்தில் சண்டை தொடங்கும். அணு சாகும், புதியது முளைக்கும், சாகும், முளைக்கும். சாகிற இடங்களில் தழும்பு விழும். கல்லீரலின் உள்ளே வலி நரம்பு கிடையாது, மேலுறையில்தான் உண்டு; அதனால் இத்தனையும் நடந்தாலும் ஆளுக்குத் தெரியாது. 'தொந்தரவு ஒன்றும் இல்லை' என்று நீங்கள் எழுதியது நல்ல செய்திதான், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது என்பது இதனால்தான்.

தழும்பு கூடிக் கூடிக் கல்லீரல் முண்டு முண்டாக இறுகிவிட்டால் அது சிரோசிஸ். குடலிலிருந்து வரும் ரத்தம் முழுதும் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். இறுகிய கல்லீரல் வழி விடாது. ரத்தம் பின்வாங்கி உணவுக்குழாயின் அடியில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்களைப் புடைக்க வைக்கும். அவை ஒரு நாள் வெடித்தால் வாய் வழியாக ரத்தம் கொட்டும். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், பழைய ஆட்கள் மகோதரம் என்பார்களே, அதுதான். கழிவு மூளைக்கு ஏறி, இருந்தாற்போல் இருந்து ஆள் உளறுவார், பகலில் தூங்குவார். பி வைரஸுக்கு இன்னொரு கெட்ட குணம், சிரோசிஸ் வராமலேயே சிலருக்குப் புற்றுநோயைக் கொண்டுவந்துவிடும். குடி இதையெல்லாம் முன்னுக்கு இழுக்கும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் இருக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சும் பி-யோடு சேர்ந்தால் புற்றுநோய் வாய்ப்பைப் பெருக்கும். கசக்கிற கடலையைத் துப்பிவிடுங்கள். காபியை மட்டும் யாராவது நிறுத்தச் சொன்னால் கேட்க வேண்டாம், கல்லீரல் தழும்பு காபி குடிப்பவர்களுக்குக் குறைவாகவே காணப்படுகிறது.

இந்த மூன்று வைரஸில் எதைக் குணப்படுத்தலாம், எதை அடக்கி வைக்க மட்டும் முடியும் என்பது, அணுவுக்குள் அவை எங்கே தங்குகின்றன என்பதைப் பொறுத்தது. சி திண்ணையோடு நின்றுகொள்ளும். பி உள்ளறைக்குள் போய்ப் பாய் விரித்துவிடும். எச்.ஐ.வி. பட்டாவிலேயே தன் பெயரைச் சேர்த்துவிடும்.

சி வைரஸ் அணுவின் கருவுக்குள், அதாவது மரபணு இருக்கும் உள்ளறைக்குள், நுழைவதே இல்லை, வெளியிலேயே நகல் எடுத்துப் பெருகும். நகலெடுப்பதை மாத்திரையால் சில வாரம் நிறுத்திவிட்டால் அதற்குப் பிழைக்க வழியில்லை, வம்சமே அற்றுப் போகும். 1989இல் கண்டுபிடித்த வைரஸை 2013இல் வந்த சோஃபோஸ்புவிர் மாத்திரையைக் கொண்டு ஒழித்துக்கட்ட முடிந்தது. துணை மாத்திரையோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் முழுக் குணம். அமெரிக்காவில் அப்போது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், மொத்தம் 84,000 டாலர். அதே மருந்து இந்திய கம்பெனிகளின் கைக்கு வந்ததும் விலை எங்கேயோ இறங்கிவிட்டது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே தருகிறார்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனாலும் மூன்றில் எது வந்தால் பரவாயில்லை என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சி என்பேன்.

பி வைரஸ் கல்லீரல் அணுவின் கருவுக்குள் போய், தன் டி.என்.ஏ.வை ஒரு சின்ன வளையமாக முடிந்து வைத்துவிடுகிறது. டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் நகல் எடுப்பதை நிறுத்தும், அந்த வளையத்தைத் தொடாது. அதனால்தான் மாத்திரை தொடங்கினால் பலருக்கு ஆண்டுக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுக்க. ஆனால் பி இருக்கிற எல்லோருக்கும் மாத்திரை தேவையில்லை. வைரஸ் எண்ணிக்கை, எஸ்.ஜி.பி.டி., தழும்பு, வயது, குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் உண்டா, இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எச்.ஐ.வி. அதற்கும் ஒரு படி மேலே. அது ஆர்.என்.ஏ. வைரஸ். சி.டி.4 என்ற வெள்ளை அணுவுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதி, அதை வெட்டி நம் மரபணுவுக்கு நடுவிலேயே ஒட்டிவிடும். அந்த அணு இனி பிரிந்து பெருகினால் வைரஸும் சேர்ந்து போகும். சி.டி.4 என்பது படைக்குக் கட்டளையிடுகிற அணு; அதையே பிடிப்பதுதான் இந்த வைரஸின் கொடுமை. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போகும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குடலைச் சுற்றியிருக்கும் சி.டி.4 அணுக்களில் பெரும்பகுதி அந்த முதல் வாரங்களிலேயே அழிந்துவிடுகிறது. பிறகு எட்டு, பத்து வருடம் அமைதி. ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஐந்நூறுக்கு மேல் இருக்கிற சி.டி.4 மெல்ல மெல்ல இறங்கும். இருநூறுக்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. எச்.ஐ.வி. தானாக ஆளைக் கொல்வது அபூர்வம்; காவல் இல்லாத வீட்டில் மற்றது புகுந்து கொல்லும். நம் நாட்டில் அது பெரும்பாலும் காசநோய். நாக்கில் வெள்ளை படர்வது, சின்ன வயதில் அக்கி, ஒரு மாதமாகியும் நிற்காத பேதி, காரணமில்லாமல் எடை இறங்குவது, இவற்றைப் பார்த்தால் எச்.ஐ.வி. டெஸ்ட் எழுதாமல் விடக் கூடாது.

இந்தியாவில் இந்த வைரஸ் முதலில் பிடிபட்டதே சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது வெளிப்பட்டது. 'இங்கெல்லாம் அது வராது' என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். அதற்குப் பிறகு சிகிச்சை வாங்க முடியாமல் எத்தனையோ பேர் போனார்கள். 2004 ஏப்ரல் 1 முதல் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது; முதல் சில மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை ஒன்று. இன்றைக்குப் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது. தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றுவிட்டால் உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை, ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த தம்பதிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து உறுதியானது.

அந்த மாத்திரையின் பெயர்களை மறுபடி பாருங்கள். டெனோஃபோவிரும் லாமிவுடினும் எச்.ஐ.வி.க்கும் வேலை செய்யும், பி-க்கும் வேலை செய்யும். இரண்டும் இருக்கிற ஒருவர் கூட்டு மருந்து சாப்பிடும்போது கல்லீரலும் கூடவே காப்பாற்றப்படுகிறது. அவர் 'உடம்பு தேறிவிட்டது' என்று திடீரென்று நிறுத்தினால் எச்.ஐ.வி. சில வாரங்களிலேயே திரும்ப ஏறும். பி வைரஸும் சீறிக்கொண்டு எழுந்து, கல்லீரலைச் செயலிழக்க வைத்துவிடக் கூடும். அப்படித்தான் எதிர்த்திசையிலும். எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் பி-க்கு மட்டும் டெனோஃபோவிர் ஒன்றையே கொடுத்துக்கொண்டிருந்தால், எச்.ஐ.வி. அந்த மருந்துக்குப் பழகி எதிர்ப்புப் பெற்றுவிடும். பிறகு அதே மருந்து வேண்டும்போது வேலை செய்யாது. சி-க்கு மாத்திரை கொடுக்கும்போது உள்ளே பி பதுங்கியிருந்தால் அது கிளம்பக் கூடும். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைச் சோதிப்பவை. ஏற்கெனவே பி-யோ சி-யோ இருப்பவருக்கு அவற்றைக் கூடுதல் கண்காணிப்போடுதான் தர வேண்டும். போதாததற்கு, எச்.ஐ.வி. இருந்தால் கல்லீரலில் தழும்பு விழும் வேகமும் கூடுகிறது. ஆகவே ஒன்று பாசிட்டிவ் என்றால் மற்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும். உங்கள் மெடிக்கலில் எச்.ஐ.வி. நெகட்டிவ் என்கிறீர்கள், எச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி) என்ற வரியும் இருக்கும், பாருங்கள். கடைசி மூன்று மாதத்தில் தொற்றுக்கு வாய்ப்பிருந்தது என்று உங்களுக்கே தோன்றினால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. டெஸ்டை இன்னொரு முறை எடுங்கள். இலவசம், ரகசியம்.

இனி மாமாவின் கீழாநெல்லி. இதைக் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் இதற்குச் சென்னையில் உண்மையான ஒரு கதை உண்டு. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, மேலே சொன்ன அதே பிளம்பர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. நாள்பட்ட பி இருந்த 37 பேருக்கு முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது, மருந்தில்லாத வெற்றுக் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மற்ற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு முறை கிடைத்து மறுபடி கிடைக்காததை மருந்தாக எழுதிக் கொடுக்க முடியாது. ஊரில் கீழாநெல்லிக்கு இவ்வளவு பெயர் வந்ததற்குக் காரணம், அதைக் குடித்தவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது தானாகவே போகும் ஏ, ஈ காமாலை. மோரில் கலந்து ஒரு வேளை குடிப்பதால் மாமாவுக்குத் திருப்தி, உங்களுக்கும் ஒன்றும் ஆகாது. 'ஒரே மாதத்தில் நெகட்டிவ்' என்று பாட்டிலில் வரும் பெயர் தெரியாத சூரணம்தான் பயம். உள்ளே என்ன உலோகம், என்ன ஸ்டீராய்டு என்று தெரியாது. பி உள்ள உடம்பில் ஸ்டீராய்டு போனால் வைரஸ் கொண்டாடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மாவட்ட அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியின் குடல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். எடுக்க வேண்டிய பரிசோதனைகள்: எச்.பி.வி. டி.என்.ஏ. (வைரஸ் எண்ணிக்கை), எச்.பி.இ.ஏ.ஜி. (வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டுவது), கல்லீரல் என்சைம்கள், வயிற்று ஸ்கேன், வசதியிருந்தால் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். எல்லாம் நன்றாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். மனைவிக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் எதிர்ப்புப் பொருள் அளவும் பாருங்கள். தொற்றும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புப் பொருள் பத்துக்கு மேல் வந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அதுவரை ஆணுறை. ஒரே தட்டில் சாப்பிடலாம், முத்தமிடலாம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். ரேசர், பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக வையுங்கள். எச்.ஐ.வி. காய்ந்த ரத்தத்தில் நெடுநேரம் தாங்காது, ஆனால் பி ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும். சலூனில் புது பிளேடு கேட்பது உங்களுக்காக மட்டுமல்ல, அடுத்து உட்காருகிறவருக்காகவும்தான். மனைவி கர்ப்பமானால் அவருக்கு மறுபடி டெஸ்ட். அவருக்குத் தொற்று இருந்தால் குழந்தை பிறந்த உடனே, பன்னிரண்டு மணி நேரத்துக்குள், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள் ஊசி) போட வேண்டும். தாய்ப்பால் தரலாம். உங்கள் அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு முறை எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாருங்கள், குடும்பத்தில் இன்னொருவருக்கும் சத்தமில்லாமல் இருப்பது சகஜம்.

விசா விஷயத்தில் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. வளைகுடா மெடிக்கலில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் பொதுவாக அன்ஃபிட்தான். தடுப்பூசி போட்டுக்கொண்டாலும் இது மாறாது, அது ஏற்கெனவே தொற்றியவருக்கு வேலை செய்வதில்லை. வேறு ஆளின் ரத்தத்தைக் கொடுத்து ஃபிட் வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். போய் இறங்கியதும் அங்கே மறுபடி ரத்தம் எடுப்பார்கள், பாசிட்டிவ் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏஜென்டிடம் கட்டிய பணமும் வராது.